மணற்கல்லுக்குள் காந்தத் திரவம்: நுண்துளைகளின் திசையை அளந்த அனுபவம்

ஒரு மணற்கல்லில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. ஹீலியம் வாயுவை உள்ளே விட்டு அழுத்தத்தை அளந்தால் நூற்றுக்கு இவ்வளவு என்று எண் வந்துவிடும். அந்த வெற்றிடம் எந்தப் பக்கமாக நீண்டிருக்கிறது, எந்தப் பக்கமாகத் தட்டையாகக் கிடக்கிறது என்ற கேள்விதான் சுலபத்தில் பிடிகொடுக்காது. நிலத்தடி நீர் எந்தத் திசையில் எளிதாக நகரும், ஆழத்தில் செலுத்திய கரியமில வாயு எந்தப் பக்கம் பரவும் என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

எக்ஸ்ரே சி.டி. படம் எடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். பார்க்கலாம், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. 25 மி.மீ. விட்டமுள்ள கல் உருளையை முழுசாகப் படமெடுக்கிறோம், படத்தின் அகலம் 2000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சலே 12.5 மைக்ரான் ஆகிவிடுகிறது. ஒரு துளையையும் அடுத்த துளையையும் இணைக்கும் குறுகிய கழுத்துகளில் பல அதைவிடச் சின்னவை, படத்தில் விழவே விழாது. சின்னத் துண்டாக வெட்டி எடுத்தால் நுணுக்கம் கூடும். ஆனால் அந்தத் துண்டு முழுக் கல்லுக்குப் பதில் சொல்லுமா என்ற சந்தேகம் வந்துவிடும்.

இந்த இடைவெளியில்தான் காந்தத் திரவம் உதவுகிறது. சுமார் 10 நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட் (காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்பு ஆக்சைடு) துகள்கள், அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மேலே ஒரு மூலக்கூறு உறை, இரண்டையும் சுமக்க எண்ணெயோ நீரோ: இதுதான் ஃபெர்ரோஃப்ளூயிட். 1963-ல் நாசாவில் ஸ்டீவ் பாப்பெல் இதை உருவாக்கியபோது நோக்கமே வேறு. எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் பம்ப் பக்கம் இழுக்க வேண்டும் என்பது அவர் யோசனை. 1990-ல் ஃப்ளைடரர், ஹால்ஸ் என்ற இருவர் இதைக் கல்லுக்குள் புகுத்தி, கல்லின் காந்த ஏற்புத்திறனை, அதாவது வெளிக் காந்தப்புலத்தில் அது எவ்வளவு காந்தமாகிறது என்பதை, திசைவாரியாக அளந்து, துளைகளின் வடிவத்தைப் படிக்கலாம் என்று காட்டினார்கள். நான் செய்து பார்த்ததும் அந்த வழிதான்.

வடிவம் எப்படிக் காந்த அளவில் தெரிகிறது

வெளியிலிருந்து காந்தப்புலம் வைத்ததும் துளைக்குள் இருக்கும் திரவம் காந்தமாகிறது. காந்தமானதும் அதன் இரு முனைகளிலும் துருவங்கள் தோன்றி, உள்ளே எதிர்த்திசையில் ஒரு புலத்தை உண்டாக்குகின்றன. நீண்ட துளையின் நீளவாக்கில் முனைகள் தூரத்தில் இருப்பதால் எதிர்ப்பு குறைவு. குறுக்குவாக்கில் அவை நெருங்கி இருப்பதால் எதிர்ப்பு அதிகம். ஆகவே அதே திரவம், அதே அளவு, ஆனால் நீளவாக்கில் அளந்தால் ஏற்புத்திறன் கொஞ்சம் கூடுதலாகவும் குறுக்கே கொஞ்சம் குறைவாகவும் வரும். அந்தக் கொஞ்சத்தைத்தான் நாம் அளக்கிறோம்.

எதிர்ப்பின் அளவுக்குக் காந்தநீக்கக் காரணி என்று பெயர். முட்டை வடிவங்களுக்கு மூன்று திசைக்கும் கூட்டினால் எப்போதும் 1 வரும். கோளத்துக்கு ஒவ்வொரு திசையிலும் மூன்றில் ஒன்று. நீளம் அகலத்தைப் போல இருமடங்கு உள்ள முட்டை வடிவத்துக்கு நீளவாக்கில் 0.174, குறுக்கே 0.413. திரவத்தின் சொந்த ஏற்புத்திறனை, 1 கூட்டல் (காரணி பெருக்கல் அதே ஏற்புத்திறன்) என்ற தொகையால் வகுத்தால் வெளியே தெரியும் ஏற்புத்திறன் கிடைக்கும்.

இதில் எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். திரவத்தின் ஏற்புத்திறன் எஸ்.ஐ. அலகில் 3 என்றால், மேலே சொன்ன இருமடங்கு நீளத் துளையில் நீளவாக்கு அளவுக்கும் குறுக்கு அளவுக்கும் விகிதம் 1.47. ஏற்புத்திறன் 1 என்றால் 1.20. பத்தில் ஒன்று என்றால் 1.024 மட்டுமே. துளை மாறவே இல்லை. திரவத்தை நீர்த்ததும் 47 சதவீத வேறுபாடு 2.4 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. இந்த முறையைக் கையில் எடுக்கும் யாரும் முதலில் மனதில் ஏற்ற வேண்டியது இதைத்தான். கருவி தருகிற விகிதம் துளையின் நீள அகல விகிதம் அல்ல. துளைக்குள் உண்மையிலேயே போய் உட்கார்ந்த திரவத்தின் ஏற்புத்திறன் தெரியாமல் வடிவத்தைப் பற்றி எந்த எண்ணும் சொல்லக் கூடாது. திசையைப் பற்றி மட்டும் தைரியமாகச் சொல்லலாம், ஏனென்றால் நீர்த்தாலும் அடர்த்தியாக்கினாலும் பெரிய அச்சு (ஏற்புத்திறன் மிக அதிகமாக வரும் திசை) பெரிய அச்சாகவே இருக்கும்.

அப்படியானால் அடர்த்தியான திரவத்தையே போட்டுவிட்டால் என்ன? போடலாம், ஆனால் அது கெட்டியாக இருக்கும், குறுகிய கழுத்துகளில் போகத் திணறும். கல்லின் வெளி வடிவமே ஒரு பெரிய காந்தம்போல அளவில் கலந்துவிடும். பல கருவிகளின் உயர் எல்லையையும் தாண்டிவிடும். நான் பெரும்பாலும் 0.1-ஐ ஒட்டிய நீர்த்த திரவத்தையே பயன்படுத்தினேன்.

கல்லுக்கு முன் பிளாஸ்டிக்

நேராகக் கல்லில் இறங்காமல், வடிவம் முன்பே தெரிந்த ஓட்டைகளில் சோதிப்பது நல்லது. 25.4 மி.மீ. விட்டம், 22 மி.மீ. உயரமுள்ள பாலிகார்பனேட் உருளை ஒன்றை இரண்டாக அறுத்து, நடுவில் 5 மி.மீ. அகலம், 10 மி.மீ. நீளமுள்ள குழியைக் குடைந்தோம். சிரிஞ்சால் திரவத்தை நிரப்பி மூடினோம். மூலையில் ஒரு காற்றுக் குமிழ் நின்றுவிட்டாலும் வடிவம் மாறிவிடும் என்பதால், நிரப்பிய பின் உருளையைச் சாய்த்து விளக்கொளியில் பார்த்து, குமிழ் இருந்தால் மீண்டும் நிரப்புவதே வழி. ஏற்புத்திறன் 1 உள்ள திரவத்தில் விகிதம் 1.2-ஐ ஒட்டியே வந்தது. குழி முட்டை வடிவம் இல்லை, நேர் உருளை. அதற்கான காரணிகளைப் போட்டுக் கணக்கிட்டால் 1.19 வர வேண்டும், ஆகவே திருப்தி.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. நீளமான குழிக்குப் பதில் இரண்டு கோளக் குழிகளை அடுத்தடுத்து வைத்தோம். தனித்தனியே ஒவ்வொரு கோளமும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி. ஆனால் இரண்டும் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றின் காந்தம் மற்றதைப் பாதிக்கிறது. இரண்டின் மையங்களுக்கு இடையே ஆரத்தைப் போல இரண்டரை மடங்கு தூரம், திரவத்தின் ஏற்புத்திறன் 1 என்று வைத்துக் கணக்கிட்டால், இரண்டையும் இணைக்கும் கோட்டின் திசையில் சுமார் 5 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். கருவியும் அந்தத் திசையைத்தான் பெரிய அச்சாகக் காட்டியது. அதாவது கல்லில் ஒரு விகிதம் கிடைத்தால், அது துளைகள் நீளமாக இருப்பதால் வந்ததா, உருண்டைத் துளைகள் வரிசையாக நிற்பதால் வந்ததா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. 0.1 அளவுக்கு நீர்த்தால் இந்த அண்டை விளைவு 0.6 சதவீதமாகக் குறைகிறது. ஆனால் வடிவத்தால் வரும் வேறுபாடும் கூடவே குறைவதால் தப்பிக்க வழியில்லை. ஓட்டத்தைப் பற்றிய கேள்விக்கு இது பெரிய நஷ்டமில்லை என்பது என் கருத்து. வரிசையாக நிற்கும் துளைகள் வழியாகவும் நீர் அந்தத் திசையில்தான் எளிதாகப் போகும்.

கல்லைத் தயார் செய்தல்

கல்லாக எடுத்தது பெரீயா மணற்கல். துளைப்பாய்வு ஆய்வுக்கூடங்களில் உலகெங்கும் பழக்கமான கல் இது. வெற்றிடம் சுமார் 20 சதவீதம், படிவு அடுக்குகள் மெல்லிய கோடுகளாகக் கண்ணுக்குத் தெரியும். ஒரே பாளத்திலிருந்து மூன்று திசைகளில் உருளைகள் எடுத்தோம்: அடுக்குக்குச் செங்குத்தாக ஒரு தொகுதி, அடுக்கின் தளத்திலேயே ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தொகுதிகள். ஏன் மூன்று என்பதற்குப் பின்னால் வருகிறேன். இந்த வேலை முழுவதிலும் எனக்கு நம்பிக்கை தந்தது அதுதான்.

உருளையின் அளவு 25.4-க்கு 22 என்பது ஏதோ வழக்கத்துக்காக வைத்ததல்ல. உயரத்தை விட்டத்தால் வகுத்தால் 0.87 வரும். இந்த அளவில் உருளையின் காந்தநீக்கக் காரணி மூன்று திசையிலும் ஏறக்குறைய சமமாக இருக்கும். உருளையின் சொந்த வடிவம் முடிவில் கலக்காது. வெட்டும்போது உயரம் ஒன்றிரண்டு மி.மீ. பிசகினால் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்று வெட்டிக்கொள்வது நல்லது.

துளையிடும் கருவியிலிருந்து உதிரும் இரும்புத் தூள் கல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும். அதை நன்றாகக் கழுவி, அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்தெடுத்து, 60 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்த வேண்டும்.

திசைக் குறியைப் பற்றி ஒரு விஷயம். எல்லோரும் மார்க்கரால் அம்பு போடுவார்கள். எண்ணெய் சார்ந்த காந்தத் திரவத்தின் சுமப்பான் ஒரு மெல்லிய ஹைட்ரோகார்பன், மார்க்கர் மை அதில் கரைந்துவிடும். போதாக்குறைக்கு, ஊறி வெளியே வரும் கல் மை போலக் கறுத்திருக்கும், எந்தக் குறியும் தெரியாது. ஆகவே அம்பையும் எண்ணையும் வைர முனையால் கல்லிலேயே கீறினோம். பக்கவாட்டில் ஒரு நீளக் கோடு, மேல் முகத்தில் ஓர் அம்பு, அம்பின் ஒரு பக்கம் மட்டும் சின்னக் கீறல். கறுத்த கல்லைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் கீறல் பளிச்சென்று தெரியும். குறி போன உருளையின் அளவு, எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், குப்பைக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம் வரிசை முக்கியம். காந்தத் திரவம் புகுந்த கல்லை முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. களிமண் கனிமங்களில் ஒட்டிய துகள் அங்கேயே தங்கிவிடும். ஆகவே ஹீலியம் அளவு, நைட்ரஜன் ஊடுருவுதிறன் (நைட்ரஜன் கல்லின் வழியே எவ்வளவு எளிதாகப் போகிறது என்ற அளவு), சி.டி. படம், நீர் நிரப்பி எடுக்கும் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) அளவு எல்லாம் முடிந்த பிறகுதான் இது. என்.எம்.ஆர். பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் காந்த அளவுதான். நீரிலுள்ள ஹைட்ரஜன் கருக்களின் காந்த நிலை தளர எடுக்கும் நேரம், துளையின் பரப்புக்கும் கொள்ளளவுக்கும் உள்ள விகிதத்தைச் சொல்லும். சின்னத் துளையில் சீக்கிரம் தளரும், பெரிய துளையில் மெதுவாக. அது அளவைச் சொல்லும், திசையைச் சொல்லாது. காந்தத் திரவம் திசையைச் சொல்லும், அளவைச் சொல்லாது. இரண்டும் ஒரே கல்லில் இருந்தால் சேர்த்துப் படிக்கலாம். ஆனால் காந்தத் திரவம் போன கல்லில் என்.எம்.ஆர். எடுக்க முடியாது என்பதால் அது முதலில் முடிந்தாக வேண்டும்.

கல்லை உலர்ந்த நிலையிலும் ஒருமுறை காந்த அளவு எடுத்து வைக்க வேண்டும். குவார்ட்சின் ஏற்புத்திறன் மில்லியனில் மைனஸ் பதினான்கை ஒட்டியது. இரும்புள்ள கனிமம் கொஞ்சம் இருந்தால் நேர்மறைக்கு வரும். நீர்த்த திரவம் நிரம்பிய கல்லின் ஏற்புத்திறனோ 0.02-ஐ ஒட்டி, அதாவது மில்லியனில் இருபதாயிரம். கல்லின் சொந்தப் பங்கு அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் கழித்துவிடுவதே முறை, கழிக்கவும் சுலபம்.

திரவம்

நீர்த்துவதற்குத் திரவத்தின் சொந்தச் சுமப்பானையே பயன்படுத்த வேண்டும். வேறு கரைப்பானை ஊற்றினால் துகள்களின் மேலிருக்கும் உறை பெயர்ந்து, துகள்கள் திரண்டு அடியில் விழுந்துவிடும். கலக்குவதற்கு மேசையில் எப்போதும் நிற்கும் காந்தக் கலக்கியைத் தொடவே கூடாது. அதன் கட்டை எல்லாத் துகளையும் தன்மேல் இழுத்துக்கொள்ளும். கண்ணாடிக் குச்சியால் கலக்கி, அல்ட்ராசோனிக் தொட்டியில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும்.

அடுத்து, திரவத்தையே அளப்பது. கல் உருளையின் அதே அளவுள்ள புட்டியில் நிரப்பி, கல்லை அளக்கும் அதே கருவியில் அளக்க வேண்டும். இதற்கு இரண்டு காரணம். நானோ துகள்களின் ஏற்புத்திறன் அலைவெண்ணோடு மாறக்கூடியது. ஒரு கருவி 465 ஹெர்ட்ஸில் அளக்கும், இன்னொன்று 976 ஹெர்ட்ஸில் அளக்கும், இரண்டின் எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, புட்டியிலிருக்கும் திரவத்துக்கும் அதன் சொந்த வடிவத்தின் எதிர்ப்பு உண்டு. கருவி 0.75 என்று காட்டினால் திரவத்தின் உண்மையான ஏற்புத்திறன் 1. கருவி 0.1 என்று காட்டினால் உண்மை 0.103. நீர்த்த திரவத்தில் திருத்தம் சின்னது, அடர்த்தியானதில் பெரிது.

உள்ளே புகுத்துதல்

முழு வேலையிலும் பொறுமை வேண்டிய இடம் இதுதான். உலர்ந்த உருளைகளைக் கண்ணாடி டெசிகேட்டரில் வைத்து வாக்குவம் பம்பால் காற்றை இழுக்கிறோம். துளைக்குள் இருக்கும் காற்று வெளியே வர நேரம் எடுக்கும், அவசரப்படக் கூடாது. திரவத்தைத் தனியாக வாயு நீக்கி வைத்து, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, கல்லின் அடியிலிருந்து மேலேறும்படி விடுகிறோம். கல்லின் பாதி உயரம் ஏறும்போது மேல் முகத்தில் ஈரம் கசிந்து வருவது தெரியும்: மணல் மணிகளுக்கு நடுவே முதலில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு, பிறகு அடுக்குக் கோடுகள் வழியே இழைகளாக, கடைசியில் முகம் முழுதும். அடுக்குக்கு இணையாக வெட்டிய உருளையில் அந்த இழைகள் நேர்கோடாக ஓடுவதைப் பார்க்கும்போதே இந்தக் கல்லில் எந்தத் திசை சுலபமான திசை என்று கண் சொல்லிவிடுகிறது.

முழுதும் மூழ்கியதும் வாக்குவத்தை நிறுத்திக் காற்றை உள்ளே விட வேண்டும். திரவத்தை உள்ளே தள்ளுவது அந்த வளிமண்டல அழுத்தம்தான். வாக்குவத்திலேயே திரவத்தை நீண்ட நேரம் வைத்தால் சுமப்பான் ஆவியாகி, மிச்சம் அடர்ந்துகொண்டே போகும். பம்புக்கு முன்னால் ஒரு குளிர்ப்பொறி இருந்தால் அந்த ஆவி பம்ப் எண்ணெயில் கலக்காது.

ஊறவைத்த பிறகு கிண்ணத்தில் மிஞ்சிய திரவத்தையும் மறுபடி அளக்கிறேன். இது பலரும் விட்டுவிடும் படி, ஆனால் விலைமதிப்பு மிக்கது. மிச்சத்தின் ஏற்புத்திறன் கூடியிருந்தால் சுமப்பான் ஆவியாகியிருக்கிறது. குறைந்திருந்தால் துகள்கள் கல்லின்மேல் ஒட்டிக்கொண்டோ அடியில் படிந்தோ விட்டன. மாறாமல் இருந்தால்தான் முதலில் அளந்த எண்ணை வைத்து மேலே போகலாம்.

உள்ளே எவ்வளவு போனது என்பதை இரண்டு வழியில் கணக்கிட வேண்டும். முதல் வழி எடை. உருளையின் கொள்ளளவு சுமார் 11 கன செ.மீ., அதில் 20 சதவீதம் வெற்றிடம் என்றால் 2.2 கன செ.மீ.; நீர்த்த திரவத்தின் அடர்த்தி 0.8-ஐ ஒட்டி இருப்பதால், முழுதாக நிரம்பினால் எடை ஏறக்குறைய 1.8 கிராம் கூட வேண்டும். இரண்டாவது வழி ஏற்புத்திறன். திரவம் 0.1, வெற்றிடம் 20 சதவீதம் என்றால் கல் 0.02-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும்.

இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாதபோதுதான் கல் பேச ஆரம்பிக்கிறது. எங்கள் உருளைகளில் எடைக் கணக்குப்படி ஏறக்குறைய முழுதும் நிரம்பியிருந்தது. ஏற்புத்திறன் கணக்கு சில உருளைகளில் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வந்தது. அதாவது சுமப்பான் போய்விட்டது, துகள்கள் எல்லாம் போகவில்லை. குறுகிய கழுத்துகளும் களிமண்ணும் வடிகட்டிபோல வேலை செய்து, உள்ளே போன திரவத்தை நீர்த்துவிட்டன. அப்படியானால் துளைக்குள் உண்மையில் இருப்பது 0.1 அல்ல, 0.08. வடிவக் கணக்கில் இது எவ்வளவு இடிக்கிறது என்று பாருங்கள்: இருமடங்கு நீளமுள்ள துளை 0.08 திரவத்தில் 1.019 என்ற விகிதத்தைத் தரும். அந்த 1.019-ஐ 0.1 என்று நினைத்துக்கொண்டு திருப்பிக் கணக்கிட்டால் துளையின் நீளம் 1.7 மடங்குதான் என்று வரும். எடையை மட்டும் பார்த்துவிட்டு விட்டிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே பட்டிருக்காது.

அளப்பது

வெளியே எடுத்த கல்லைத் தூசி உதிராத காகிதத்தால் ஒற்ற வேண்டும். மேற்பரப்பில் ஒரு படலம் நின்றாலும் அது அளவில் சேரும். ஒற்றியதும் மெல்லிய பாரஃபிலிமால் சுற்றிவிட வேண்டும். சுமப்பான் ஆவியாகாது, கருவியின் பிடியிலும் கறை படியாது. பிறகு மூன்று செங்குத்துத் தளங்களில் கல்லைச் சுழற்றி ஏற்புத்திறன் கருவி அளக்கிறது, மூன்று முதன்மை அச்சுகளும் அவற்றின் மதிப்புகளும் கிடைக்கின்றன. நாம் தேடுவது ஒன்றிரண்டு சதவீத வேறுபாட்டை. ஆகவே கல் பிடிக்குள் ஆடக் கூடாது, ஒவ்வொரு உருளையையும் எடுத்துவிட்டு மறுபடி வைத்து அளந்து, திரும்பத் திரும்ப அதே அச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நேரமும் ஒரு சிக்கல். நன்றாக ஊடுருவும் கல்லில் திரவம் சும்மா நிற்காது, ஈர்ப்பால் கீழே வடியும். மேல் பாதி காலியாகி, கீழ் பாதியில் மட்டும் திரவம் நிற்கும் உருளையை யோசித்துப் பாருங்கள். அந்தக் கீழ் பாதி ஒரு தட்டை வட்டு. வட்டின் சொந்த வடிவத்தால், உருளையின் அச்சுத் திசையில் ஏற்புத்திறன் குறைவாக வரும். கல்லின் ஏற்புத்திறன் 0.02 என்றால் இந்தப் போலி வேறுபாடு சுமார் அரை சதவீதம். நாம் தேடும் ஒன்றிரண்டு சதவீதத்தின் முன்னால் இதைச் சின்னது என்று தள்ளிவிட முடியாது. அடர்த்தியான திரவம் என்றால் இன்னும் மோசம்.

மூன்று திசைகளில் வெட்டியதன் பயன் இங்கேதான். துளைகளின் உண்மையான திசை பாளத்தோடு ஒட்டியது. நான் உருளையை எந்தப் பக்கம் வெட்டினாலும், முடிவுகளைப் பாளத்தின் திசைக்குத் திருப்பி ஒரே வரைவட்டத்தில் போட்டால் எல்லாம் ஒரே இடத்தில் கூட வேண்டும். வடிதல், அரைகுறை நிரப்பல், வெட்டிய அளவின் பிசகு, மேற்பரப்புப் படலம் ஆகியவை தரும் போலித் திசையோ உருளையோடு ஒட்டியது. உருளை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் திரும்பும். ஒரே திசையில் வெட்டிய உருளைகளை எத்தனை அளந்தாலும் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது, எல்லாம் அழகாக ஒன்றாகக் கூடி நம்மை நம்பவைத்துவிடும். ஆகவே ஒரே திசையில் வெட்டிய உருளைகளின் முடிவை யார் காட்டினாலும் நான் முதலில் கேட்பது, வேறு திசையில் வெட்டிப் பார்த்தீர்களா என்பதுதான்.

மணற்கல்லில் சோதனை தேறியது. மூன்று தொகுதிகளிலும் சிறிய அச்சு அடுக்குத் தளத்துக்குச் செங்குத்தாக, ஒரே இடத்தில் கூடியது. துளைகள் அடுக்குவாக்கில் தட்டையாகக் கிடக்கின்றன என்று பொருள். மணல் படிந்து மேல்பாரத்தில் அமுங்கிய கல்லில் எதிர்பார்க்கக்கூடியதுதான். அடுக்குத் தளத்துக்குள் பெரிய அச்சும் நடு அச்சும் அவ்வளவு தெளிவாகப் பிரியவில்லை. ஒரு பக்கம் சாய்வு தெரிகிறது, ஆனால் சிதறலும் இருக்கிறது. பழைய நீரோட்டத்தின் திசை இது என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது, இந்தச் சிதறலோடு நான் சொல்ல மாட்டேன்.

நைட்ரஜன் ஊடுருவுதிறனோடு ஒப்பிட்டேன். அடுக்குக்குக் குறுக்கே வெட்டிய உருளைகளில் ஊடுருவுதிறன் தெளிவாகக் குறைவு, காந்த அளவின் சிறிய அச்சும் அதே திசை. அடுக்குத் தளத்தின் இரண்டு திசைகளுக்கும் இடையே ஊடுருவுதிறனிலும் பெரிய வேறுபாடு இல்லை. காந்த அளவு சொன்னதையே ஓட்ட அளவும் சொன்னது. ஒரு வித்தியாசம் முக்கியம்: ஊடுருவுதிறனுக்கு மூன்று உருளைகள் வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரே திசைதான் கிடைக்கும். காந்த அளவில் ஒரே உருளை மூன்று அச்சையும் தருகிறது. ஒரு கிணற்றிலிருந்து செங்குத்தாகத் துளைத்தெடுத்த ஒரே ஒரு கல் தண்டு, அதாவது கோர்தான் கையில் இருக்கிறது என்றால் அது எவ்வளவு பெரிய உதவி என்று அந்த வேலை செய்பவர்களுக்குத் தெரியும். அப்போது மூன்று திசைச் சோதனைக்கு வழி இருக்காது. அதனால் அந்தக் கோரிலேயே உருளைகளில் ஒன்றைக் கடைசியில் பாதியாக அறுத்து, கறுப்பு உள்வரை சீராகப் போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

இறுக்கமான சுண்ணாம்புக்கல் ஒன்றிலும் இதே வழியில் முயன்றோம். அறுத்துப் பார்த்ததில் ஓரத்தில் கறுப்பு வளையம், நடுவில் கல் தன் சொந்த வெளிர் நிறத்திலேயே இருந்தது. வாக்குவமும் ஒரு வளிமண்டல அழுத்தமும் இந்தக் கல்லுக்குப் போதாது. அடுத்ததாக அதே பாளத்தின் உருளைகளை ரப்பர் உறையுள்ள கோர் ஹோல்டரில் இறுக்கி, ஒரு முனையிலிருந்து அழுத்தத்தோடு திரவத்தைச் செலுத்தப்போகிறோம். மறுமுனையில் வெளிவருவதைப் புட்டி புட்டியாகப் பிடித்து ஏற்புத்திறனை அளந்தால், உள்ளே போகும் திரவமும் வெளியே வரும் திரவமும் எப்போது ஒன்றாகின்றன என்று தெரிந்துவிடும். அந்த இரண்டு எண்ணும் சேரும் வரை உருளையைக் கழற்றுவதாக இல்லை.